நாய்க்கு நீர்க்கடுப்பு

மனிதனுக்கு நீர்க்கடுப்பு வந்தால் ஊருக்கே தெரியும். வீட்டில் வெந்தயம் ஊறும். பார்லிக் கஞ்சி கொதிக்கும். எதிர்வீட்டுப் பாட்டி இளநீர் வாங்கச் சொல்வாள். நாய்க்கு வந்தால் என்ன கிடைக்கும்? உதைதான்.

மதுராந்தகத்தில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒழுங்கு என்றால் அவருக்கு உயிர். அவர் வீட்டு ராணியும் அப்படித்தான். ஏழு வயது வரை கூடத்தில் ஒரு சொட்டுச் சிந்தியதில்லை. அது திடீரென்று ரேழி, தாழ்வாரம், பூஜை அறை வாசற்படி என்று பாராமல் நனைக்க ஆரம்பித்தது.

"கிழம் தட்டிவிட்டது, ஸார்! புத்தி கெட்டுப் போச்சு. நாளைக்கு எங்கேயாவது தூரத்தில் கொண்டு போய் விட்டுவிடப் போகிறேன்" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "ராத்திரி பத்துத் தடவை எழுந்து போய் உட்கார்ந்து முக்கறது. வருவது நாலு சொட்டு. துடைத்த துணியெல்லாம் சிவப்பு. வயசானா ரத்தமா வரும்?"

பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிட்டது. கால்நடை டாக்டரும் முதலில் அதைத்தான் கேட்டார். நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போனால் சர்க்கரையையோ சிறுநீரகத்தையோ சந்தேகிக்க வேண்டும். அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போனால் நீர்ப்பையைச் சந்தேகிக்க வேண்டுமாம். பெண் நாய்க்குச் சிறுநீர்ப் பாதை குட்டை. கிருமி சுலபமாக ஏறிவிடும்.

"அப்படியானால் ஊசி போட்டுவிடுங்களேன்" என்றார் ஆசிரியர்.

டாக்டர் சம்மதிக்கவில்லை. கல் இருந்தாலும், கட்டி இருந்தாலும் இதே அடையாளங்கள்தான். தரையில் சிந்தியதை எடுத்துச் சோதித்தால் தரையிலுள்ள கிருமியும் சேர்ந்து வரும். ஆகவே ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியால் நீர்ப்பையிலிருந்து நேராக எடுக்க வேண்டும். மனிதர்களுக்கு உதவும் சோதனைக் காகிதத்தை நம்பி நாய்க்குச் சீழ் இல்லை என்று சொல்லிவிட முடியாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தே ஆகவேண்டும். கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு மடியும் என்று அறிய இரண்டு மூன்று நாளாகும்.

இதற்காக ராணி 80 கிலோமீட்டர் காரில் பயணம் செய்து, 1903-இல் தொடங்கிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய் வந்தது. கல் இல்லை, கட்டியும் இல்லை. ஈ. கோலை என்ற கிருமிதான். நாய்களின் நீர்ப்பையில் அதிகம் அகப்படும் ஆசாமி அதுவே. அதற்கென்று கண்டறிந்த மாத்திரையில் ராணி தேறிவிட்டது.

நாய் வளர்க்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. முக்கியும் ஒரு சொட்டுக்கூட வராவிட்டால், முக்கியமாக ஆண் நாயானால், மறுநாள் வரை காத்திருக்கலாகாது. கல் அடைத்திருக்கலாம், உயிருக்கே ஆபத்து.

பிறகொரு நாள் மாலை ஏரிக்கரையில் நடக்கும்போது தலைமையாசிரியர் வெகு நேரம் பேசாமல் வந்தார். அப்புறம் சொன்னார்:

"வகுப்பு நடுவிலே அடிக்கடி வெளியே போகணும் என்று கேட்ட பையன்களையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன், ஸார். அதில் எத்தனை பேருக்கு வலித்ததோ!"