வேரைப் பார்த்தவர்கள்

மழை விட்ட மறுநாட் காலையில், கறையான் புற்றைச் சுற்றிக் குடை விரிக்கும் புற்றுக்காளான், எங்கள் மலையகத் தோட்டங்களிற் பணம் கொடாமற் கிடைத்த கறிகளுள் ஒன்று. சம்பள நாள் தூரத்திலிருக்கும் வாரங்களில் அதன் அருமை லயத்து அடுப்புகளுக்குத் தெரியும். மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்த என் அம்மாயிக்கு எழுத்தறிவில்லை. ஆயினும், காளானை இனங்காண எனக்குக் கற்பித்த ஆசிரியை அவரே.

“கொடையப் பாத்து ஏமாறாத தம்பி, வேரப் பாரு” என்பார்.

காளானைப் பிடுங்காமல், குச்சியால் மண்ணைக் கிளறி வேரைப் பின்தொடர்வார். புற்றுக்காளானின் தண்டு நிலமட்டத்தோடு முடிவதன்று. வேர்போல் நீண்டிறங்கிக் கறையானின் நிலவறையைச் சென்றடைவது. குடையின் நடுவே கூரிய முனையிருக்கும். மண்ணைத் துளைத்து மேலெழுவது அம்முனையே. அடியிற் பை போன்ற உறையோ, தண்டில் வளையமோ தென்பட்டால் அம்மாயி அதனைத் தொடமாட்டார். புல்வெளிகளில் முளைக்கும் வெண்குடைக் காளானொன்றும் உண்டு. முதிர்ந்தால் அதன் குடைக்கீழ் மடிப்புகள் பச்சை நிறங்கொள்ளும். அது வயிற்றைக் கலக்கும் நஞ்சு.

புற்றுக்குள் நடப்பது ஒரு வேளாண்மை. கறையான்கள் மரத்தையும் சருகையும் மென்று, நிலவறையில் அடுக்கி, அதன்மேற் பூஞ்சணத்தை வளர்க்கின்றன. மரநாரைச் சிதைத்து உணவாக்குவது பூஞ்சணம். அதனை உண்டு வாழ்வது கறையான். அந்தப் பூஞ்சணம் மழைக்காலத்தில் வெளிக்காட்டும் முகமே நாம் உண்ணும் காளான்.

இலங்கையிலிருந்து சென்ற மாதிரியைக் கொண்டு, இங்கிலாந்தின் பேர்க்லி என்பார் 1847இல் இவ்வினமொன்றுக்குப் பெயரிட்டார். அப்பெயர் வேரையே குறிக்கிறது. 1906இற் பேராதனையிலிருந்த பெச் என்னும் அறிஞர் கறையான் கூட்டுப் பூஞ்சணங்களை ஆராய்ந்தெழுதினார். அறிஞர் கண்டதும் அம்மாயி கண்டதும் ஒரே வேர்தான். அறிஞரின் பெயர் நூலில் நின்றது. கூடை சுமந்தவர்களின் பெயரோ செக்றோலில் மட்டுமே நின்றது. இம்மண்ணின் அடியில் எது எங்கே வாழ்கிறதென்று அறிந்திருந்த அம்மக்களில் மிகப் பெரும்பாலாரையே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது.

சமையலிலும் அம்மாயி அவசரப்படமாட்டார். பறித்த அன்றே சமைக்க வேண்டும். பிந்தினாற் புழு வைக்கும். வேரின் மண்ணைச் சுரண்டிக் கழுவி, நீளவாட்டிற் கிழித்து, வெறுஞ்சட்டியிலிட்டு வதக்குவார். காளான் விட்ட நீர் வற்றியதும் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சீரகம், மஞ்சள் சேர்த்து, இறுதியிற் தேங்காய்ப்பாலூற்றி ஒரு கொதியில் இறக்குவார். ரொட்டிக்கு அதனினும் உகந்த கறியை நான் அறியேன்.

மஞ்சள் சுவைக்காக மட்டுமே. மஞ்சள் நிறம் மாறினாலும், வெள்ளி கறுத்தாலும் காளான் நஞ்சு என்றொரு நம்பிக்கை லயங்களில் இருந்தது. அயல் லயத்துக் குடும்பமொன்று வெள்ளிக் கொலுசு கறுக்கவில்லையென்று நம்பி உண்டது. இரவெல்லாம் வாந்தி. தோட்டத்து மருந்தகம் பூட்டிக் கிடந்தது. கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்லப்பட்ட நால்வரும் பிழைத்தனர். கொடிய காளான்கள் சிலவற்றின் நஞ்சு அவ்வாறு பிழைக்கவிடாது. அது கொதிநீரிலும் அழியாது. ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அறிகுறி காட்டாது பதுங்கியிருந்து, ஈரலைத் தாக்கும். கொலுசும் மஞ்சளும் அதனைக் காட்டிக்கொடா.

ஆகவே, மக்களறிவைப் போற்றுதல் என்பது அவர்கள் சொன்ன யாவற்றையும் ஏற்பதன்று. வேரைப் பார்த்த கண்ணும் கொலுசை நம்பிய மனமும் ஒரே லயத்தில்தான் வாழ்ந்தன. முன்னதைப் பேணிப் பின்னதைக் களைவது நம் பொறுப்பு. ஐயமுள்ள காளானை அடுப்பில் ஏற்றலாகாது. அறிந்தவர் ஒருவர் அருகிலிராமல், இக்கட்டுரையை மட்டும் நம்பிப் பறிக்கவுங்கூடாது.

மலையகப் பாடசாலை ஆசிரியர்களே, மழைக்காலத்தில் ஒருநாள் உங்கள் மாணவரை ஊர் மூதாட்டியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் காட்டும் காளான்களின் பெயரையும் அடையாளத்தையும் ஏட்டில் எழுதி, தாவரவியல் அறிந்தோரிடம் காட்டிச் சரிபாருங்கள். அந்த ஏட்டின் முதற்பக்கத்தில், சொன்னவரின் பெயரை எழுதுவதற்கு மறவாதீர்கள்.