முக்தேசுவர மலையில் மணிக்கு வந்த காய்ச்சல்

டில்லியிலிருந்து காரில் புறப்படுவோர் கட்முக்தேசுவரத்தில் கங்கையைக் கடந்து, மொராதாபாத், ராம்பூர் வழியாக ஹல்த்வானியை அடையும் வரையில் கரும்புக் கொல்லைகளையும் லாரிகளையுமே காண்பர். அதை அடுத்த காட்கோதாமில் இருப்புப்பாதை முடிகிறது, மலை தொடங்குகிறது. பீம்தால், பவாலி, ராம்கட் என்று ஏறிக்கொண்டே சென்றால் ஏறக்குறைய 7,500 அடி உயரத்தில் முக்தேசுவரம். ஒரு சிவன் கோயில், தேவதாரு மரங்கள், ஆப்பிள் தோட்டங்கள், வானம் தெளிந்த நாளில் நந்தாதேவி, திரிசூலம் முதலிய பனிமுடிகள். ஊர் இவ்வளவே.

ஆயினும் விலங்கு மருத்துவ வரலாற்றில் இச்சிற்றூருக்குப் பெரிய இடம் உண்டு. 1889இல் புனேயில் தொடங்கப்பட்ட அரசாங்க நுண்ணுயிர் ஆய்வகம் 1893இல் இம்மலைக்கு மாற்றப்பட்டது. கொடிய தொற்றுக் கிருமிகளை வைத்து ஆராய, மக்கள் நெருக்கம் இல்லாத குளிர்ந்த இடம் வேண்டியிருந்தது. நாட்டின் மாடுகளை மந்தை மந்தையாக மாய்த்துவந்த வெக்கை நோயே அன்று அவர்களுடைய முதற்பகை. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் 1897இல் இங்கு வந்திருக்கிறார். அந்த வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆய்வகம் இன்று இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பகுதி. தலைமையிடம் பரேலியை அடுத்த இஸ்ஸத்நகரில் உள்ளது. நாய்களைக் கொண்டுபோய்க் காட்டும் மருத்துவமனையும் அங்கேதான். மலைமேல் இருப்பது ஆராய்ச்சிக்கூடம்.

2023ஆம் ஆண்டு தசரா விடுமுறையில் நாங்கள் நால்வரும் மணியும் இங்கு வந்தோம். மணி டில்லித் தெருவில் பிறந்த நாட்டு நாய், ஆறு வயது. முதல் நாள் மாலை கோயில் படிகளில் எங்களை முந்தி ஏறியது. அவ்வூர் நாய்கள் கழுத்தில் இரும்பு முட்பட்டை அணிந்து திரிவதை அன்று கண்டோம். சிறுத்தை கழுத்தைக் கவ்வாமல் இருக்க அந்த ஏற்பாடாம். என் மகள் அன்றிரவு மணியைத் தன் கட்டிலுக்கு அருகிலேயே படுக்கவைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மணி எழவில்லை. பாலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. நண்பகலில் அது வெளியே சென்று நீர் விட்டபோது அதன் நிறம் காப்பி டிகாக்‌ஷனைப் போல் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது.

காரணம் சொல்ல ஊரில் ஆள் குறைவில்லை. மலைக்குளிர் என்றார் ஒருவர். சுனைநீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார் மற்றொருவர். தேநீர்க்கடை மூதாட்டி கண்ணேறு என்றே முடிவு கட்டினாள். விடுதிக்காரர் அஞ்சியதோ வெறிநோயை. நாயை உடனே அப்புறப்படுத்தச் சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளை குட்டிகளோடு பலர் தங்கும் இடம். மணியின் தடுப்பூசிப் புத்தகத்தை என் மனைவி பையிலிருந்து எடுத்துக் காட்டிய பின்னரே அவர் அமைதியுற்றார். நாயோடு ஊர் செல்லும் அன்பர்கள் உணவை மறந்தாலும் அந்தப் புத்தகத்தை மறவாதிருப்பார்களாக! வலிக்கும் காய்ச்சலுக்கும் நாம் விழுங்கும் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கலாமே என்று சொல்வோரும் எங்கும் உண்டு. ஐபுப்ரோஃபென் போன்றவை நாய்க்கு நஞ்சாகும். சிறிய அளவும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

சற்றுத் தொலைவில் இருந்த அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்கு மணியைத் தூக்கிச் சென்றோம். எருமைக்கும் ஆட்டுக்கும் பழகிய இளம் மருத்துவர். வெப்பமானி 104.5 டிகிரி காட்டியது; நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு. மலையில் என்ன தின்றது என்று கேட்பார் என எதிர்பார்த்தோம். அவரோ, இரண்டு வாரங்களுக்கு முன் நாய் எங்கே இருந்தது, உடம்பில் ‘கில்னி’ கண்டதுண்டா என்று கேட்டார். பதினெட்டு ஆண்டு டில்லி வாழ்க்கையில் அலுவலக இந்தியும் காய்கறிக்கடை இந்தியும் எங்களுக்கு வந்துவிட்டன. இந்தச் சொல் மட்டும் தட்டியது. நாங்கள் விழிப்பதைக் கண்ட அவர், மணியின் காதுமடலை விலக்கி, விரலிடுக்கைத் துழாவி, மிளகளவு ஒன்றைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார். உண்ணி!

மருந்துப்பட்டை கட்டிய நாயின்மேலும் ஓர் உண்ணி தப்பி ஒட்டுவது உண்டாம். டில்லியில் மழைக்காலம் முடியும் நாட்களில் சுவர் வெடிப்புகளில் எல்லாம் அவை இருக்கும். அதன் எச்சில் வழியாகப் பேபீசியா என்னும் நுண்ணுயிர் குருதியில் புகுந்து, செவ்வணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கிறது. உடைந்த அணுக்களின் சாயமே சிறுநீரைக் கறுக்கவைக்கிறது. கடித்த நாளிலிருந்து நோய் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஆகவே மணியின் காய்ச்சல் மலையில் வந்ததன்று. எங்கள் குடியிருப்பிலிருந்து எங்களோடு காரில் ஏறி வந்தது. டில்லி மருத்துவரிடம் காட்டியிருந்தால் அவர் உடனே ஊகித்திருப்பார். வெளியூரில், கண்முன் இருக்கும் குளிரும் தண்ணீரும் பழியை ஏற்றுக்கொள்ள, நாட்கள் வீணாகின்றன. அந்த இளைஞர் கேட்ட கேள்வியின் அருமை எங்களுக்குப் பிறகே விளங்கியது.

அங்கே நுண்பெருக்கி இல்லை. காது நுனியில் ஒரு துளி குருதி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிக் கொடுத்து, நீர் ஏற்றி, இருட்டுமுன் ஹல்த்வானிக்கு இறங்கிவிடுமாறு சொன்னார். புதிய குருதி ஏற்றவேண்டிய நிலை வந்தால் அங்கிருந்து இஸ்ஸத்நகருக்கு, மேலும் நூறு கிலோமீட்டர்.

வளைவுதோறும் மணியின் தலை என் மகளின் மடியில் உருண்டது. அவள் பேசவில்லை. மணிக்கு ஒருமுறை அதன் உதட்டைத் தூக்கிப் பார்ப்பாள். ஈறு இன்னும் வெளுத்ததா என்பது ஒன்றே அவள் கணக்கு. பவாலியில் காரை நிறுத்தி ஈரத்துணியால் நாக்கை நனைத்தோம். ஹல்த்வானி மருத்துவர் தகட்டைப் பார்த்து எங்களையும் அழைத்துக் காட்டினார்: செவ்வணுக்களுக்குள் பேரிக்காய் வடிவில் இரட்டை இரட்டையாக. இது பெரிய வகை, ஊசிக்கு அடங்கும். சிறிய வகையாயின் பிடிவாதம் மிகுதி என்றார். இமிடோகார்ப் என்னும் அந்த ஊசியை அன்றிரவே போட்டார்.

இஸ்ஸத்நகர் செல்ல நேரவில்லை. மூன்றாம் நாள் மாலை, விடுதி அறையில் என் மனைவி பிசைந்து வைத்த தயிர்ச்சோற்றை நோக்கி மணி தானே எழுந்து நடந்து வந்தது. இரண்டாம் ஊசி, பதினான்கு நாள் கழித்து, டில்லியில் போடப்பட்டது.