கையைத் தூக்குங்கோ பாப்பம்



போன வாரம் நான் கொடியில் துணி காயப்போடும் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், தோள்பட்டை சரியாகிவிட்டதா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். எல்லோருக்குமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

33 வருஷம் கரும்பலகையில் கணக்குப் போட்ட கை இது. ஓய்வுபெற்ற இரண்டாம் வருஷம் வலி ஆரம்பித்தது. முதலில் இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. பிறகு ஜடை பின்ன முடியவில்லை, மேல்தட்டு டப்பாவை எடுக்க முடியவில்லை. சுளுக்கு என்று ஊரில் வழித்துவிட்டார்கள். இரண்டு நாள் சுகம், மூன்றாம் நாள் பழைய கதை. மகள் பயப்படுவாள் என்று அவளிடம் சொல்லவில்லை.

டொராண்டோவில் அவள் வீட்டுக்குப் போனபோது இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். பக்கத்திலிருந்த கைரோபிராக்டரிடம் அழைத்துப் போனாள். "முதுகெலும்பில் சொடக்கு எடுப்பவர்தானே, எனக்குத் தோள்தானே வலி" என்றேன். அங்கே இருந்தவர் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை. 1895-இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பால்மர் இந்த வைத்தியத்தைத் தொடங்கியபோது முதுகெலும்புதான் பிரதானம். இன்று தோள், முழங்கால், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் பார்க்கிறார்கள் என்று விளக்கினார்.

"அன்ரி, கையைத் தூக்குங்கோ பாப்பம்."

எத்தனை ஆயிரம் தடவை உங்களைப் பார்த்து, "விடை தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று சொல்லியிருப்பேன்! என் கை காதுவரைகூடப் போகவில்லை. அவரே பிடித்து மெல்லத் தூக்கினார். அப்போதும் அதே இடத்தில் நின்றது. முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, கையை வெளிப்பக்கம் திருப்பினார். அதுவும் வரவில்லை. தோள் மூட்டைச் சுற்றியுள்ள பை தடித்து இறுகிப்போனால் இப்படித்தான் இருக்குமாம். அதற்குப் பெயர் 'உறைந்த தோள்'.

சொடக்கு எடுக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரோ, "உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"கடைசியா எப்ப சோதிச்சனீங்கள்?"

பதில் வரவில்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் விரல்கள் போயின. அந்தப் பயத்தில் நாலு வருஷமாக நான் ரத்தமே கொடுக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தத் தோள் நோய் மற்றவர்களைவிட அதிகம் வருமாம். "முதல்ல டொக்டரிட்டப் போய் இரத்தம் சோதிச்சுக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9. ஆறரை வந்தாலே நீரிழிவு. அன்றிரவு மகளுக்குத் தெரியாமல் அழுதேன்.

மாத்திரை ஆரம்பித்தேன். தோளுக்கும் வைத்தியம் நடந்தது. முரட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை. மூட்டை மெதுவாக அசைத்துவிட்டார், வீட்டுப்பாடமும் கொடுத்தார். குனிந்து நின்று கையைக் கடிகார ஊசல்போல ஆட்டவேண்டும். சுவரில் விரல்களால் நண்டுபோல ஏறவேண்டும். சுவரில் தினமும் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். ஒரு மாதத்தில் நாலு விரற்கடைதான் ஏறியது. ஊர் திரும்பியும் விடாமல் செய்து, ஒன்றரை வருஷம் கழித்துத்தான் கொடியில் துணி போட்டேன். அவர் கையால் ஆனது எவ்வளவு, காலத்தால் ஆனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவர் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நான் கடன்பட்டவள்.

பிள்ளைகளே, உங்களில் பலருக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். மூட்டு வலித்தால் உடனே யாரிடமாவது கொடுத்து இழுக்கவிடாதீர்கள். அடிபட்டிருந்தாலோ, மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருந்தாலோ, எலும்புத் தேய்மானம் இருந்தாலோ முதலில் டாக்டரிடம் போங்கள். கை வைக்கும் முன் கேள்வி கேட்பவரிடம் மட்டும் உடம்பைக் கொடுங்கள். சர்க்கரை பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் கையைத் தூக்குங்கள்!

நாளைக் காலையே போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்