படகுக் கட்சி

நாற்பதைத் தாண்டியவனுக்குப் புதிதாக எதைக் காட்டினாலும் முதலில் சந்தேகம்தான் வருகிறது. கடைக்குக் கடை ஒரு கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. அதற்கு நேரே கைப்பேசியைப் பிடித்தால் காசு போய்ச் சேர்ந்துவிடுகிறது. என் மகள் கண் மூடித் திறப்பதற்குள் செய்கிறாள். நான் சட்டைப் பையில் சில்லறையைத் துழாவுகிறேன்.

பழமையின் மேல் அத்தனை பக்தியா என்றால், அதுவும் இல்லை. தாமிரபரணியின் மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தை எங்கள் ஊர்ப் பழமை என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையடிக்கிறேன். 1843-ல் திறந்தபோது அது பச்சைப் புதுமை அல்லவா? கலெக்டர் கச்சேரிச் சிரஸ்தாரான முதலியார் கைப்பணத்தைக் கொட்டி அந்தப் பதினொரு கண் பாலத்தைக் கட்டும்வரை, ஜனங்கள் படகுக்குக் காத்து நின்றுதான் அக்கரை சேர்ந்தார்கள். அன்றும் நாற்பதைத் தாண்டிய ஒருவர், “நமக்குப் படகே போதும்” என்று முறுக்கிக்கொண்டு நின்றிருப்பார். நான் அவர் கட்சி.

ஆனாலும் ஒரு வித்தியாசம். பாலத்தில் நடக்க அவர் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கோ, நான் கைப்பிடித்து ‘அ’னா எழுதவைத்த பெண்ணிடமே, “எங்கே அமுக்கணும், தாயி?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்த வயதில் கசப்பது கருவி அல்ல, மறுபடி மாணவனாவதுதான்.

கேட்காமல் இருந்துவிடலாம். அப்புறம் ரயில் டிக்கெட்டுக்கும் மருந்துக்கும் காலமெல்லாம் அவள் கையை எதிர்பார்க்க வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒரு நாள் கேட்டுவிடுவதே லாபம். இரண்டாம் தடவை கேட்கும்போது அவள் அலுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதற்கு நெல்லையப்பர்தான் துணை.