மேளக்காரனா, விருந்தாளியா?

போன ஆவணியில மகள் கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் ஒரே வாரத்துல முடிவாச்சு. மேளத்துக்கு மட்டும் ஒன்றரை மாசம் ஆச்சு.

காரணம் என் கூட்டாளி. ஒண்ணாப்புல இருந்து கூடப் படிச்சவன். நாயனம் வாசிக்கிறவன். தலைமுறை தலைமுறையா ஊருக்கு முடியும் வெட்டி, மேளமும் வாசிச்ச குடும்பம். அவன் அப்பா சின்ன வயசுல, காருகுறிச்சி அருணாசலம் வாசிக்கிறார்னு கேள்விப்பட்டு அச்சங்குளத்துல இருந்து கோவில்பட்டிக்கு நடந்தே போனவராம். 1962ல ‘கொஞ்சும் சலங்கை’ வந்து காருகுறிச்சியார் நாதஸ்வரம் பட்டிதொட்டியெல்லாம் கேட்டப்போ, சொந்தத் தாய்மாமன் பேரு எடுத்த மாதிரி சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கார்.

முகூர்த்தம் இல்லாத மாசங்கள்ல கூட்டாளி பட்டாசு ஆலைக்குப் போவான். எங்க கரிசக்காட்டுல மழை பொய்ச்சா நாங்களும் அங்கதான் போவோம். 2021 பிப்ரவரி 12 அன்னைக்கு எங்க ஊர் ஆலையில நடந்த வெடிவிபத்தை நீங்க செய்தியில பாத்திருப்பீங்க. இருபது பேருக்கு மேல போயிட்டாங்க. அன்னைக்கு அவன் ஒரு சடங்கு வீட்டுக்கு வாசிக்கப் போயிருந்தான். அதுக்கப்புறம் ஆலைப்பக்கம் அவன் தலைவச்சுப் படுக்கல. மேளம்தான் சோறு. அப்படிப்பட்டவனை விட்டுட்டு வெளியூர் செட்டைக் கூப்பிட்டா அது துரோகம் இல்லையான்னு எனக்கு.

வீட்டுல வேற கணக்கு. “சம்பந்தி சிவகாசிக்காரங்க, பெரிய செட்டா எதிர்பாப்பாங்க. அண்ணனுக்கும் இப்ப மூச்சு வாங்குது. கூட்டாளியக் கூப்பிட்டா பேரமும் பேச முடியாது, குறையும் சொல்ல முடியாது”ன்னா என் சம்சாரம். மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளம் வேணும்னு சம்பந்தி சொல்லி, அதுக்கு அவங்களே பணமும் கட்டிட்டாங்க. (அந்தச் சத்தத்துல மண்டபத்துக்கு எதிர்ல கட்டியிருந்த மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடினது தனிக்கதை.)

எனக்கு இன்னொரு உறுத்தலும் இருந்துச்சு. 1998ல தங்கச்சி கல்யாணத்துக்கு அவன்தான் வாசிச்சான். பாதிப் பணம் குடுத்துட்டு, “பருத்தி எடுத்ததும் தர்றேன்”னேன். அந்த வருசம் பருத்தி காலை வாரிருச்சு. நான் குடுக்கவே இல்ல. அவன் கேக்கவும் இல்ல. வெளியாளா இருந்தா வாசல்ல நின்னு வாங்கிட்டுப் போயிருப்பான்.

ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில உக்காந்து சீவாளியை எச்சில்ல நனைச்சுப் பாத்துக்கிட்டிருந்தான். காவிரிக்கரை நாணல் தட்டையில செய்யிற அந்தத் துண்டுதான் நாயனத்துக்கு உயிர். அது சரியில்லன்னா ஆயிரம் வித்தை தெரிஞ்சும் பிரயோசனம் இல்ல. நான் சுத்தி வளைச்சுப் பேச ஆரம்பிச்சேன். அவன் முடிக்க விடல.

“நீ வேற செட்டு பாரு.”

எனக்குச் சுருக்குன்னுச்சு. கோவமான்னு கேட்டேன்.

“கோவமெல்லாம் இல்லப்பா. கெட்டிமேளம் எதுக்குன்னு தெரியும்ல? தாலி கட்டுற நேரத்துல தும்மலோ அபசகுனப் பேச்சோ எவன் காதுலயும் விழக்கூடாது. அதனால எவனாவது கையைத் தூக்கி ஆட்டுவான், அந்தக் கையவே பாத்துக்கிட்டு இருப்போம். முப்பத்தஞ்சு வருசமா வாசிக்கேன். எத்தனையோ பேரு தாலி கட்டியிருக்கான். நான் பாத்ததெல்லாம் கையைத்தான். உம்மக நான் தூக்கி வளத்த பிள்ளை. அதையாவது பாக்கணும்.”

நான் பழைய பாக்கியை எடுத்தேன். “அதைத் தங்கச்சிக்கு நான் செஞ்ச மொய்யா வச்சுக்க”ன்னுட்டு சீவாளியை டப்பாவுக்குள்ள போட்டான்.

செட்டையும் அவனேதான் பேசி முடிச்சான். ரெண்டு நாயனம், ரெண்டு தவில், முந்தின நாள் சாயங்காலமும் முகூர்த்தமும் சேர்த்து முப்பத்திரண்டாயிரம். பேரம் பேசக்கூடாதுன்னு எனக்குக் கட்டளை. “காலையில டிபனை முதல்ல அவங்களுக்குக் குடு. வெறும் வயித்துல ஊத முடியாது. மத்தியானமும் கடைசிப் பந்தி வரைக்கும் காக்க வைக்காத.” எங்க வீட்டு விசேசங்கள்ல அவன் எத்தனை தடவை அப்படிக் காத்துக் கிடந்தான்னு அப்பத்தான் யோசிச்சேன்.

கல்யாணத்தன்னைக்கு வெள்ளை வேட்டி சட்டையில முதல் வரிசையில உக்காந்திருந்தான். தாலி கட்டினப்போ எழுந்து நின்னு பாத்தான். முதல் பந்தியிலயும் என் மச்சான் பக்கத்துல அவனை உக்கார வச்சேன்.

எதிர் இலையில இருந்த எங்க பெரியப்பா அவனைப் பாத்துட்டு, “ஏம்ப்பா, ஒன் ஆளுங்க இன்னும் சாப்பிடலயே, அதுக்குள்ள நீ உக்காந்துட்ட?”ன்னார். சத்தமாத்தான். பக்கத்து இலையெல்லாம் நிமிந்து பாத்துச்சு. நான் சாம்பார் வாளியோட நின்னேன். உடனே பதில் சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல.

“இன்னைக்கு நான் பொண்ணு வீட்டுக்காரன், பெரியவரே. நீங்க கூச்சப்படாமச் சாப்பிடுங்க”ன்னான். மச்சான் சிரிச்சுட்டான். பெரியப்பா அப்பளத்தை நொறுக்கினார்.

சாப்பிட்டு வந்து, ரெண்டாவது தவில் கொஞ்சம் அவசரக்காரப் பையன்னு குறை சொன்னான். மத்தபடி செட்டு நல்லா இருந்துச்சு. சம்பந்தி வீட்டுல பேசின பணத்துக்கு மேல ஐந்நூறு வச்சுக் குடுத்தாங்க.

ராத்திரி மொய் நோட்டைப் புரட்டினேன். கூடவே பழைய நோட்டுகளையும் எடுத்தேன். 1993, என் கல்யாணம்: செலவுப் பக்கத்துல ‘மேளம் 900’. 1998: ‘மேளம் 2,000, பாக்கி 1,000’. ரெண்டு நோட்டுலயும் மொய்ப் பக்கத்துல அவன் வீட்டுப் பேரே கிடையாது. இந்த நோட்டுல முப்பத்தெட்டாவது வரி. அச்சங்குளம், அவன் பேர், அப்பா பேர், 2,001 ரூபாய்.

தை மாசம் அவன் மகனுக்குக் கல்யாணம். மேளத்துக்கு யாரைக் கூப்பிடுறதுன்னு இன்னும் முடிவு பண்ணலையாம். ஒரே குழப்பமா இருக்குங்கான்.