பெஞ்சு

எங்கள் குடும்பத்துக்கு ஊரில் 'வாத்தியார் வீடு' என்றே பெயர். நான்கு தலைமுறையாக யாராவது ஒருவர் கையில் சாக்பீஸ் இருந்துகொண்டே வந்திருக்கிறது. கதை எழுதப் புறப்பட்டுக் குலத்தொழிலைக் கைவிட்டவன் நான் ஒருவன்தான். அந்தக் குற்றத்தை என் தகப்பனார் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஆகையால், "பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டோம், அப்பா. இனிமேல் வீட்டிலேயே நாங்கள் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்" என்று என் மகள் தாம்பரத்திலிருந்து டெலிபோனில் சொன்னபோது, 'நல்ல வேளை, இதைக் கேட்க அப்பா உயிரோடு இல்லை' என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் கோபம் வாசகர்களுக்கு விளங்க வேண்டுமானால், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1820-ல் ரேனியுஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த காலம் முதல், எங்கள் பக்கத்தில் கோயில் ஒரு கண் என்றால் பள்ளிக்கூடம் மற்றொரு கண். எத்தனையோ கிராமங்களில் இரண்டுக்கும் கூரை ஒன்றே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்த இடத்தில் திங்கட்கிழமை 'அ, ஆ' ஒலிக்கும். என் பாட்டி சாராள் தக்கர் பள்ளியில் படித்தவள். அது இந்தியாவைக் கண்ணாலும் பார்த்திராத ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பெயர். எங்கேயோ சீமையில் இருந்த ஒருத்தி நம் பெண்கள் படிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். இங்கே, பெற்ற தாயே பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டாளே!

அன்று இரவே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

காப்பி குடித்து முடிக்கும் முன்பே விசாரணையை ஆரம்பித்தேன். என் மகள் வாதாடவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

"ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஆளுக்கு ஒரு விண்ணப்பம் சொல்லுவோம் அல்லவா? ஜூன் மாதத்திலிருந்து இவனுக்கு ஒரே விண்ணப்பம்தான். 'ஆண்டவரே, நாளைக்கு மழை பெய்யட்டும்.' குழாயில் தண்ணீர் வராத காலம். எட்டு வயசுப் பிள்ளைக்கு ஊர் மேல் எவ்வளவு அக்கறை என்று நாங்கள் பூரித்துப்போனோம். ஐப்பசியில் ஒருநாள் அடைமழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அன்றைக்கு ராத்திரி, 'ஸ்தோத்திரம், ஆண்டவரே. நாளைக்கும்' என்றான். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது."

விஷயம் இதுதான். பையனுக்கு எழுத்து கூட்டி வாசிக்க நேரம் பிடிக்கும். தினமும் அவனை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தடுமாறினால் ஐம்பது பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. அந்த ஆசிரியையையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐம்பது பேரை வைத்துக்கொண்டு ஒருவனுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும்?

"வேறு பள்ளிக்கூடமா இல்லை?"

"இரண்டு பார்த்தோம், அப்பா. மூன்றாவதுதான் வீடு."

பிறகு பைபிளைத் திறந்து உபாகமம் ஆறாம் அதிகாரத்தைக் காட்டினாள். பிள்ளைகளுக்குப் போதிப்பதை அங்கே பெற்றோரிடம்தான் ஒப்படைத்திருக்கிறது என்றாள். "அது வேதத்தைப் பற்றியது, வாய்ப்பாட்டைப் பற்றியது அல்ல" என்றேன். சிரித்துக்கொண்டாள்.

சட்டத்தைப் பற்றி மருமகனைக் கேட்டேன். பாங்கு உத்தியோகஸ்தர். எதையும் கணக்குப் பார்த்துத்தான் செய்வார். "2010 ஏப்ரல் 1 முதல் கல்வி உரிமைச் சட்டம் அமலில் இருக்கிறது, மாமா. 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை எதுவும் எழுதவில்லை. கடுமையான ஊனமுள்ள பிள்ளைகளுக்குத் தவிர, வீட்டுக் கல்வி என்ற பேச்சு அதில் கிடையாது. 14 வயசு ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். அது 1989 முதலே நடக்கிறது" என்றார். அதாவது, பாலம் இருக்கிறது. கைப்பிடிதான் இல்லை.

ஒரு வாரம் இருந்து பார்த்தேன். சார்லட் மேஸன் என்ற ஆங்கில அம்மையார் 1886-ல் வீட்டுக் கல்வியைப் பற்றி எழுதிய புத்தகம்தான் என் மகளுக்கு வழிகாட்டி. சின்னச் சின்னப் பாடங்கள். வெளியே போய் மரம், செடி, பறவைகளைப் பார்ப்பது. முக்கியமாக, ஒரு கதையை ஒரே தடவை வாசித்துக் காட்டியதும், பிள்ளை அதைத் தன் வார்த்தையில் திரும்பச் சொல்ல வேண்டும்.

என்னையும் ஒருநாள் வாசிக்கச் சொன்னார்கள். என்னுடைய சிறுகதை ஒன்றையே வாசித்தேன். பேரன் தங்கையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டான். பிறகு ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கதை முழுவதையும் சொன்னான். சூரியோதயத்தை வர்ணித்து நான் எழுதியிருந்த அரைப் பக்கத்தை, "விடிஞ்சுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்! எந்த விமர்சகரும் என்னை இவ்வளவு சரியாகத் திருத்தியதில்லை. இந்தப் பிள்ளையையா மந்தம் என்று நிற்க வைத்தார்கள் என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது.

அன்றிரவு ஜெபத்தில் அவன் மழை கேட்கவில்லை. தாத்தாவின் முழங்கால் வலிக்காக வேண்டிக்கொண்டான்.

இருந்தாலும் புறப்படும்போது ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். என் தகப்பனாரின் உயிர்ச் சிநேகிதர் ஒருவர் உண்டு. அந்தக் காலத்தில் அவர் தெருக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் செருப்புக் காலோடு நடக்க முடியாது. ஒரே கர்த்தரைக் கும்பிடுகிறவர்கள்தான் அந்தக் கோட்டைப் போட்டதும். கோயில் அழிக்காத கோட்டைப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுதான் அழித்தது. இரண்டு பேரும் முழங்கை இடிக்க ஐந்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"உன் பிள்ளை நன்றாகப் படிப்பான். அதில் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. ஆனால் அவன் பக்கத்தில் யார் உட்காருவார்கள், அம்மா? நீ தேர்ந்தெடுக்காத ஒருவன் அவன் முழங்கையை இடிக்க வேண்டாமா?"

என் மகள் வெகுநேரம் பேசவில்லை. "அதற்கு என்னிடம் பதில் இல்லை, அப்பா" என்றாள். சமாதானம் சொல்லாமல் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய பெஞ்சு ஒன்று கிடக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சாமான் வந்தபோது ஏலத்தில் அப்பா எடுத்தது. ஊர் திரும்பியதும் அதைத் துடைத்து, லாரியில் தாம்பரத்துக்கு அனுப்பிவைத்தேன்.

"ஐந்து பேர் உட்காரும் பெஞ்சு! இருக்கிறது இரண்டு பிள்ளைகள். இதை என்னப்பா செய்வது?" என்று மகள் டெலிபோனில் கேட்டாள்.

மீதி மூன்று இடத்தை என்ன செய்வது என்பது அவள் பாடு. வாத்தியார் வீட்டுப் பெண்தானே, யோசிக்கட்டும்.