குலசேகரம் டூ டோக்கியோ: ஒரு காசுக் கதை

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்குத் திற்பரப்புன்னா உடனே அருவிதான் ஞாபகம் வரும். கோதையாறு பாறையில விழுந்து சிதறும், பக்கத்துல மகாதேவர் கோயில், சுத்தி ரப்பர் தோட்டம். அந்த ஊர்ப் பையன் ஒருத்தன் 2023-ல கம்பெனி வேலையா மூணு மாசம் ஜப்பான் போனான். போனவன் ஃபுஜி மலையைப் பாக்கல, செர்ரிப் பூவைப் பாக்கல. கிடைச்ச சனி, ஞாயிறெல்லாம் வீடியோ கேம் கடை கடையா ஏறி இறங்கினான்!

கிறுக்கான்னு கேக்காதீங்க. காரணம் இருக்கு.

2000-களின் தொடக்கத்துல குலசேகரத்துல ஒரு மாடிப்படிக்குக் கீழ வீடியோ கேம் கடை ஒண்ணு இருந்தது. நாலு மெஷின், ஒரு ரூபா காசு. நம்ம ஊர்ல எல்லாரும் "முஸ்தபா கேம்"னு சொல்ற ஆட்டம் ஒரு மெஷின்ல ஓடும். கேப்காம் 1993-ல வெளியிட்ட அந்த ஆட்டத்தோட நிஜப் பேரு கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்! இன்னொண்ணுல 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97'. அதுதான் சண்டை. ஒருத்தனுக்கு மூணு ஆள், எதிராளிக்கு மூணு ஆள். தோத்தவன் காசு போடணும், ஜெயிச்சவன் அப்படியே நின்னு ஆடலாம்.

அந்த மெஷின்ல ராஜா அவனோட பெரியம்மா மகன். அண்ணன் விடியக்காலம் பால்வெட்டுக்குப் போவான், மத்தியானம் கடைக்கு வந்துடுவான். தம்பி ஒட்டுப்பால் பொறுக்கி வித்த காசை எடுத்துட்டு ஓடுவான். செவப்பு முடி ஐயோரியை வச்சு அண்ணன் ஒரே ரூபாயில சாயங்காலம் வரைக்கும் நிப்பான். "மக்கா, பட்டனைப் பாக்காத. எதிராளி கண்ணைப் பாரு" என்பான். தோளோடு தோள் இடிச்சு நிக்கிற கடையில அது முடியும்.

அப்புறம் ஒரு நாள் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர்ல அண்ணனோட இடது கை மாட்டிக்கிட்டது. ரெண்டு விரல் போச்சு. ஸ்டிக்கைப் பிடிக்கிறது இடது கைதானே... அதுக்கப்புறம் அவன் அந்தக் கடைப் பக்கமே போகல. கொஞ்ச வருஷத்துல கடையும் போச்சு.

தம்பிக்கு ஜப்பான் போக ஆர்டர் வந்தப்ப அண்ணன் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "அந்த ஆட்டத்தைப் பண்ணினவங்க ஊரு. ஐயோரியை வச்சு ஒருத்தனையாவது அடிச்சிட்டு வா டே."

ஜப்பான்ல இந்தக் கடைகளுக்கு கேம் சென்டர்னு பேரு. 1978-ல டைட்டோ கம்பெனி ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விட்டப்பவே அங்க பைத்தியம் ஆரம்பிச்சாச்சு. 1991-ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்ததும் சண்டை ஆட்டக் காலம். அங்க ரெண்டு மெஷினை முதுகோடு முதுகு ஒட்டி வச்சிருப்பாங்க. எதிராளி அந்தப் பக்கம் உக்காந்திருப்பான், முகமே தெரியாது. முன்பின் தெரியாதவன்கூட மோதக் கூச்சப்படுறவனுக்கு இது ரொம்ப வசதி. அண்ணன் பாடம் அங்க செல்லுபடியாகாது!

அவன் சுத்தினதும் ஒரு சிவாலய ஓட்டம் மாதிரிதான். சிவராத்திரிக்கு நம்மூர்ல பன்னிரண்டு கோயிலுக்கு விசிறியோட ஓடுவாங்களே, அதுல மூணாவது திற்பரப்பு. இவன் கையில விசிறிக்குப் பதிலா நூறு யென் காசு. ஒரு காசு கிட்டத்தட்ட 60 ரூபாய். அகிஹபரால டைட்டோவோட 'ஹே', அப்புறம் இகெபுகுரோ, ஷின்ஜுகுன்னு ஓட்டம்.

ஆனா பாதிக் கோயில்ல நடை சாத்தியாச்சு. 1980-களின் நடுவுல நாடு முழுக்க 26 ஆயிரத்துக்கு மேல இருந்த கேம் சென்டர்கள், 2019 வாக்குல 4 ஆயிரம் அளவுக்குச் சுருங்கிடுச்சு. வீட்டுலயே ஆடுற வசதி வந்தது ஒரு காரணம், மிச்சத்தைக் கொரோனா பாத்துக்கிட்டது. அகிஹபராவோட அடையாளமா இருந்த சேகா இரண்டாம் கட்டிடம் 2020 ஆகஸ்ட்ல மூடினாங்க. சேகாவே அந்தத் தொழிலை வித்துட்டு வெளிய வந்தது. 2022-லேர்ந்து பலகையெல்லாம் 'ஜிகோ'ன்னு மாறிச்சு. இருக்கிற கடையிலயும் கீழ்த்தளம் பூரா பொம்மை பிடிக்கிற கிரேன் மெஷின்.

கடைசியாத் தகடனோபாபாவுல மிகாடோ. பழைய ஆட்டங்களுக்குப் பேர்போன ரெண்டு மாடிக் கடை. அங்க 'கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 98' ஓடிக்கிட்டிருந்தது. அவன் உக்காந்தான். ஐயோரியைத் தேர்ந்தெடுத்தான். அந்தப் பக்கம் யாரோ காசு போட்டாங்க.

தோத்தான். திரும்பவும் தோத்தான். குலசேகரத்துல எவனும் தாங்காத அடியெல்லாம் இங்க ஒருத்தனுக்கும் படல. பதினோரு ஆட்டம், 1,100 யென். எல்லாத்துலயும் மூணு ஆளும் காலி.

அப்ப அவனுக்கு அர்ஸ்லான் ஆஷ் ஞாபகம் வந்ததாம். லாகூர்க்காரர். விசா, விமானம்னு எல்லாச் சிக்கலையும் தாண்டி 2019 பிப்ரவரில ஃபுகுவோகா வந்து, ஈவோ ஜப்பான் டெக்கன் 7 பட்டத்தைத் தட்டிட்டுப் போனவர். எங்க ஊர்ல இன்னும் நிறைய நல்ல ஆட்டக்காரங்க இருக்காங்கன்னு சொன்னார். தெருக்கடையில வளர்ந்தவனும் ஜெயிக்கலாம்தான். ஆனா அதுக்கு அந்தக் கடை மூடாம இருக்கணும், கூட ஆட அண்ணன்மார் இருக்கணும்.

பன்னிரண்டாவது ஆட்டம். ஐயோரியை வச்சு முதல் ஆளை அடிச்சான். ரெண்டாவது ஆளையும் அடிச்சான். மூணாவது ஆள் நூலிழையில தப்பிச்சு, மிச்சமிருந்த எல்லாரையும் முடிச்சிட்டார்.

எழுந்து போய் அந்தப் பக்கம் எட்டிப் பாத்தான். கோட்டு சூட்டு போட்ட ஐம்பது வயசுக்காரர், காலுக்கடியில ஆபீஸ் பை. வியர்த்திருந்தது. லேசாத் தலை குனிஞ்சு, ஒரு விரலைக் காட்டி "மோ இக்காய்" என்றார். இன்னொரு தடவை!

ராத்திரி ஒம்பது மணிக்கு வெளிய வந்து அண்ணனுக்குப் போன் பண்ணினான். திற்பரப்புல அப்ப சாயங்காலம் அஞ்சரை.

"ஜெயிச்சியா?"

"இல்லண்ணே. பதிமூணு ஆட்டம் தோத்தேன். ஒரு தடவை மட்டும் ரெண்டு ஆளை எடுத்தேன்."

"ஐயோரியா?"

"ஐயோரிதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பின்னாடி எங்கயோ பஸ் ஹாரன்.

"அப்ப ஒருத்தன்தான மக்கா பாக்கி? காசு தீந்துட்டா?"

பையில இன்னும் ரெண்டு காசு இருந்தது. திரும்பவும் படியேறினான்.